ஈரம், எண்ணெய், இறந்த தோல்

அக்ரிலிக் நகம் என்பது இயற்கை நகத்தின் மேல் வார்க்கப்படும் பிளாஸ்டிக் தகடு. அது மூன்று வாரம் நிற்குமா, நான்காம் நாளே ஓரம் தூக்குமா என்பதைப் பெரும்பாலும் அடியிலுள்ள நகத்தின் நிலையே தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக்குக்கும் நகத்துக்கும் இடையே மூன்று தடைகள் வரக்கூடும்: நகம் உறிஞ்சிவைத்த ஈரம், அதன் மேல் படிந்த எண்ணெய், அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் இறந்த தோல். இம்மூன்றையும் அகற்றுவதுதான் தயாரிப்பு வேலை. நகத்தையே தேய்த்து எடுப்பது அந்த வேலையில் சேராது.

மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டின் போன்ற ஊரில், மூன்று தடைகளில் ஈரமே முதலிடம் பெறுகிறது. அங்கு காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். கொடியில் போட்ட துணி உலர மறுக்கும் நாளில் நகமும் உலர மறுக்கும். வறண்ட குளிர்நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகள் இந்தக் காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு படியும் எதற்காக என்று தெரிந்தால்தான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் தெரியும்.

நகத்தட்டு எப்படிப்பட்டது

விரல் நுனியில் தெரியும் கடினமான பகுதி நகத்தட்டு. அதன் கீழே ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உள்ள நகப்படுக்கை. பின்புறத் தோல் மடிப்புக்குள் மறைந்திருக்கிறது நகவேர். நகம் பிறப்பது அங்கேதான். கட்டைவிரல் நகத்தின் அடியில் வெண்பிறை போலத் தெரிவது நகவேரின் முன்முனை. அங்கு உருவாகும் செல்கள் தட்டையாகி, கெரட்டின் என்ற புரதத்தால் நிரம்பி, உயிரிழந்து முன்னோக்கித் தள்ளப்படுகின்றன. ஓடு மேல் ஓடாகக் கூரை வேய்ந்ததுபோல் அவை அடுக்கடுக்காக அமைவதால்தான் நகம் நுனியில் தாள் தாளாகப் பிரிகிறது.

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியிலிருந்து நுனிவரை முழுவதும் புதுப்பிக்கப்பட ஏறக்குறைய 6 மாதம் ஆகும். நகத்தட்டின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். அது உயிரற்றது என்பதால், அரத்தால் தேய்த்து மெலிந்த இடம் தானாக ஆறாது. வளர்ந்து வெளியேறும் வரை மெலிந்தே இருக்கும். வைகாசியில் செய்த பிழையின் தடம் தீபாவளி வரை விரலில் நிற்கலாம்.

நகத்தட்டில் இயல்பாக உள்ள கொழுப்பு மிகக் குறைவு. தோலின் மேலடுக்கில் உள்ளதைவிடப் பல மடங்கு குறைவு. நீரைத் தடுக்கும் கொழுப்பு இல்லாததால் நகத்துக்குள் நீர் தோலைக் காட்டிலும் எளிதாகப் புகுந்து வெளியேறுகிறது. பாத்திரம் கழுவிய பின் நகம் மென்மையாகி வளைவது இதனால்தான். நீரை ஏற்ற நகம் உப்புகிறது, உலரும்போது சுருங்குகிறது. மேலே அமர்ந்த பிளாஸ்டிக்கோ அப்படி உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. உப்பிய நகத்தின் மேல் பிளாஸ்டிக்கை ஒட்டினால், சில மணி நேரத்தில் நகம் சுருங்கித் தட்டின் வளைவு மாறும். பிணைப்பின் ஓரத்தில் இழுவிசை தோன்றும். ஓரம் தூக்குவதன் தொடக்கம் அதுவே.

மேலே அமரும் பிளாஸ்டிக்

அக்ரிலிக் நகத்தின் பிறப்பிடம் பல் மருத்துவம். 1954-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஃபிரெட் ஸ்லாக் என்ற பல் மருத்துவர், தம் விரல் நகம் உடைந்தபோது பல் வேலைக்கான அக்ரிலிக்கையும் அலுமினியத் தாளையும் கொண்டு செயற்கை நகம் ஒன்றை வார்த்துக்கொண்டார். திரவமும் பொடியும் கலந்து இறுகவைக்கும் அந்த முறைதான் இன்றும் தொடர்கிறது.

திரவத்தில் இருப்பது மோனோமர் எனப்படும் சிறு மூலக்கூறுகள். தரமான தயாரிப்புகளில் இது எத்தில் மெத்தாக்ரிலேட். பொடியில் ஏற்கனவே சங்கிலியாகக் கோத்த பிளாஸ்டிக் துகள்களும், வினையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடும் உள்ளன. இரண்டும் தூரிகை நுனியில் சேர்ந்ததும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகின்றன. அப்போது வெப்பம் வெளிப்படும். மெலிந்த நகத்தில் அந்த வெப்பம் நகப்படுக்கையில் சுருக்கென்று உறைக்கும். அரம் அளவு மீறியதற்கு அது ஓர் அடையாளம்.

மலிவான திரவங்களில் மெத்தில் மெத்தாக்ரிலேட் கலந்திருக்கலாம். அது இறுகினால் இயற்கை நகத்தைவிடக் கடினமாகிவிடும். எங்காவது இடித்தால் பிளாஸ்டிக் உடைவதற்குப் பதிலாக நகமே பெயர்ந்து வரும். நகச் சேதமும் ஒவ்வாமையும் குறித்துப் புகார்கள் குவிந்ததை அடுத்து, 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நூறு விழுக்காடு மெத்தில் மெத்தாக்ரிலேட் கொண்ட நகத் திரவங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. மூக்கைத் துளைக்கும் கடுமையான வாடை, அரத்துக்கு எளிதில் மசியாத கடினம், அசிட்டோனில் ஊறவைத்தும் கரையாத பிடிவாதம் ஆகியவை அதன் அறிகுறிகள்.

மலேசியாவில் ஒப்பனைப் பொருள்களைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையிடம் அறிவித்த பிறகே விற்க வேண்டும். அறிவிப்பு எண்ணை முகமையின் இணையத்தளத்தில் தேடிச் சரிபார்க்கலாம். உட்பொருள் பட்டியலோ தயாரிப்பாளர் பெயரோ இல்லாத புட்டியை வாங்காமல் விடுவது நல்லது.

எந்த நகத்தில் தொடங்கக் கூடாது

நகச்சுற்று வந்து ஓரம் சிவந்து வீங்கியிருந்தால், அது முழுதும் ஆறும்வரை வேலை இல்லை. மஞ்சளித்து, தடித்து, பொடிப்பொடியாக உதிரும் நகச்சொத்தைக்கும் இதே விதி. அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. மூடிவைத்தால் மறையுமே தவிர அடங்காது. நகம் படுக்கையிலிருந்து பிரிந்து வெளுத்திருந்தாலும், சொரியாசிஸால் குழி குழியாக இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குச் சிறு கீறலும் எளிதில் சீழ் பிடிக்கலாம். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்நிலை ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். ஆகவே தமிழ்க் குடும்பங்களில் இது தள்ளிவிடக்கூடிய எச்சரிக்கை அல்ல.

வேலையிட விதியையும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளிகளைத் தொட்டுப் பணியாற்றுவோர் செயற்கை நகம் வைக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009-ஆம் ஆண்டுக் கைச்சுகாதார வழிகாட்டி கூறுகிறது. அதன் அடியில் கிருமிகள் தங்குவதே காரணம். உணவுத் தயாரிப்பிலும், மின்னணு ஆலைகளின் தூசற்ற அறைகளிலும் இதையொத்த கட்டுப்பாடுகள் வழக்கம். பினாங்கின் செபராங் பிறையிலும் பாயான் லெப்பாஸிலும் ஆலை வேலைக்குச் செல்வோர் பலர் என்பதால், ஒட்டிய மறுநாளே அகற்ற நேரும் செலவை ஒரு கேள்வி மிச்சப்படுத்தும்.

இடம்

நகத்தைத் துடைக்கப் பயன்படும் அசிட்டோன் 56 பாகை செல்சியஸில் கொதிப்பது; சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் மேசையிலிருந்து வழிந்து தரையோடு பரவும். மாலையில் ஏற்றிய சாமி விளக்கு, சாம்பிராணித் தணல், மூலையில் புகையும் கொசுவர்த்திச் சுருள், சமையலறை அடுப்பு எல்லாம் இதற்கு ஆபத்தான அண்டைகள். விளக்கேற்றும் நேரத்துக்கு முன்பே, நெருப்பு இல்லாத அறையில், சன்னல் அருகே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

மேலே சுழலும் மின்விசிறி அரத்தூளை மூக்குக்கும் கண்ணுக்கும் எழுப்பும். மேசை மட்டத்தில் ஒரு சிறு விசிறியை வைத்து, காற்று முகத்திலிருந்து விலகிச் சன்னல் வழியே வெளியேறுமாறு திருப்பினால் ஆவியும் தூளும் ஒருசேர விலகும். வறண்ட காற்றுக்காகக் குளிரூட்டியை முன்கூட்டியே ஓடவிடலாம். அது அறையின் ஈரத்தை வடித்தெடுக்கும். ஆனால் பிளவு வகைக் குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. திரவப் புட்டியைத் திறக்கும் நேரத்தில் சன்னலையும் திறக்க வேண்டியதாகிறது.

பழைய பூச்சு, மருதாணி, மஞ்சள்

முதல் படி, நகத்தில் இருக்கும் பழைய பூச்சை அகற்றுவது. இதற்கு விற்கும் திரவங்கள் பலவற்றில் தோல் வறளாமல் இருக்க எண்ணெயோ லானோலினோ சேர்த்திருப்பார்கள். மற்ற நேரங்களில் அது நன்மை. இங்கு அது புதிய தடை. கலப்பில்லாத அசிட்டோனே பொருத்தம்.

மருதாணிச் சிவப்பு இதில் சேராது. மருதாணியின் லாசோன் என்ற நிறமி கெரட்டினோடு வேதிப் பிணைப்பு கொள்வதால் அது பூச்சு அல்ல, நகத்தின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. அது அக்ரிலிக் ஒட்டுவதைத் தடுப்பதில்லை. சிவப்பைப் போக்குவதற்காக அரத்தால் தேய்ப்பது நகத்தை வீணாக மெலிவிப்பதே. மருதாணி விழுதில் சேர்க்கும் தைலத்தின் மிச்சம்தான் தடை; அதைக் கழுவி நீக்கினால் போதும். குழம்பு பிசைந்த விரலின் மஞ்சள் கறைக்குக் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் அசிட்டோனிலும் கரையும். ஆகவே தயாரிப்பின்போது அது பெருமளவு தானாகவே வெளுக்கும்.

கழுவுவதும் காத்திருப்பதும்

கையையும் நகத்தின் அடிப்பகுதியையும் சோப்பாலும் மென்மையான தூரிகையாலும் கழுவ வேண்டும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையைக் கோதிய விரல், பொரித்ததைத் தொட்ட விரல் எல்லாம் இங்கே தூய்மையாகின்றன. கிண்ணத்து வெந்நீரில் விரல்களை ஊறவைக்கும் வழக்கம் சாதாரண நகப்பூச்சுக்கு உரியது, அக்ரிலிக்குக்கு ஆகாது. ஊறிய நகம் உப்பிய நகம்.

கழுவிய பின் துவாலையால் ஒற்றி எடுத்து, குறைந்தது அரை மணி நேரம் காத்திருப்பது நல்லது. மழைநாளிலும், துணி துவைத்த, குளித்த, பாத்திரம் கழுவிய கைக்கும் இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும். மேற்பரப்பு உலர்ந்து தெரிவது போதாது. அடுக்குகளுக்குள் புகுந்த நீர் வெளியேற நேரம் பிடிக்கும். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கும் படி இதுதான்.

இறந்த தோல்

நகத்தின் அடியில் இரண்டு வெவ்வேறு திசுக்கள் சந்திக்கின்றன. ஒன்று, நகத்தின் மேல் மடிந்து நிற்கும் உயிருள்ள தோல் மடிப்பு. மற்றொன்று, அந்த மடிப்பின் அடியிலிருந்து உதிர்ந்து, வளரும் நகத்தோடு முன்னால் நகர்ந்து வரும் மெல்லிய, நிறமற்ற, இறந்த தோல் சவ்வு. முன்னது நகவேருக்குள் கிருமி நுழையாமல் காக்கும் முத்திரை. பின்னது பிளாஸ்டிக்குக்கும் நகத்துக்கும் நடுவே சிக்கும் தாள்.

இரண்டையும் ஒன்றாக எண்ணி உயிருள்ள மடிப்பை வெட்டுவது பரவலான பிழை. வெட்டிய வழியில் கிருமி நுழைந்தால் நகச்சுற்று வரும். வெட்டுபட்ட இடம் தடித்து வளரவும் கூடும். செய்ய வேண்டியது மடிப்பை மெதுவாகப் பின்னால் தள்ளுவதும், நகத்தின் மேல் ஒட்டிய சவ்வைச் சுரண்டி எடுப்பதும் மட்டுமே. தள்ளும் கருவியைத் தட்டையாகச் சாய்த்து, அடியிலிருந்து நுனி நோக்கிச் சிறு சிறு வட்டமாக நகர்த்தினால் சவ்வு வெண்பொடியாகத் திரண்டு வரும். அழுத்தினால் நகவேரில் அடிபடும். அதன் தடம் வாரங்கள் கழித்து நகத்தில் குறுக்குப் பள்ளமாக வெளிவரும்.

சவ்வை இளக்கும் திரவங்களில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் இருக்கும். அது கெரட்டினைக் கரைப்பது என்பதால் சவ்வோடு நகத்தையும் இளக்கும். பயன்படுத்தினால் குறிப்பிட்ட நொடிகளுக்கு மேல் விடாமல் நன்றாகக் கழுவி, உலரும் காத்திருப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். காய்ந்த நகத்தில் கருவியால் மட்டும் செய்வதே ஈரக் காற்றுள்ள ஊருக்கு ஏற்ற வழி.

அரம்

நகத்தின் நீளத்தையும் வடிவையும் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும். செயற்கை நுனி ஒட்டப்போகிறது என்றால், விரல் நுனிக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு நகவெட்டியால் வெட்டி, அரத்தால் நுனியை வளைவாக்கலாம். முன்னும் பின்னுமாக இழுக்காமல் ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு ஒரே திசையில் தேய்த்தால் அடுக்குகள் பிரிவது குறையும்.

அதன்பின் மேற்பரப்பின் பளபளப்பை அகற்றும் வேலை. அரத்தின் எண் கூடக்கூட அதன் மணல் நுண்மையாகும். 100 எண் அரத்தின் துகள் ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர், 180-இல் சுமார் 0.08, 240-இல் சுமார் 0.06. நகத்தின் மொத்தத் தடிமனே அரை மில்லிமீட்டர் என்று நினைத்துக்கொண்டால், 100 எண் அரம் இயற்கை நகத்தைத் தொடவே கூடாது என்பது விளங்கும். அது இறுகிய பிளாஸ்டிக்கைச் சீர்செய்வதற்கு உரியது. இயற்கை நகத்துக்கு 180 முதல் 240 வரை போதும்.

நகம் வளரும் திசையிலேயே, எடையே இல்லாததுபோல், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று முறை இழுத்தால் மினுமினுப்பு மறைந்து மங்கலாகும். அங்கேயே நிறுத்த வேண்டும். சொரசொரப்பாக்கினால் நன்றாகப் பிடிக்கும் என்ற நம்பிக்கை தவறு. பிடிமானத்தின் பெரும்பகுதி சுத்தமான பரப்பில் நிகழும் வேதிப் பிணைப்பிலிருந்து வருகிறது. பள்ளம் தோண்டிய நகம் மெலிந்து வளையும் தன்மை பெறுவதால் பிணைப்பு விரைவிலேயே விட்டுப்போகும். மின்சார அரம் கையடங்காத வேகத்திலும் வெப்பத்திலும் இயங்குவதால், வீட்டில் இயற்கை நகத்தின் மேல் அதைப் பயன்படுத்தாதிருப்பதே நலம்.

அடியோரத்தையும் பக்கவாட்டுப் பள்ளங்களையும் மறந்துவிடக் கூடாது. ஓரம் தூக்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான். தேய்த்த தூளை உலர்ந்த தூரிகையால் தட்ட வேண்டும். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் நகத்தில் படியும். விரலால் துடைத்தால் எண்ணெய் படியும்.

ஈரமும் எண்ணெயும் நீங்கும் கடைசிப் படி

தாமரை இலையில் தண்ணீர் உருண்டோடுவதற்குக் காரணம், இலையின் மெழுகுப் பரப்பு நீரைப் பரவவிடாததே. எண்ணெய் படிந்த நகத்தில் அக்ரிலிக் திரவத்துக்கும் இதேபோன்ற இடையூறுதான். பரவாத திரவம் பிணையாது. கலப்பில்லாத அசிட்டோனோ 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்ககாலோ நனைத்த, பஞ்சு இழை உதிராத துணித்துண்டால் ஒவ்வொரு நகத்தையும் அடியிலிருந்து நுனிவரை துடைத்தால் எண்ணெய் கரையும், மேற்பரப்பு நீரும் உடன் போகும். நகத்துக்கென விற்கும் உலர்த்துத் திரவங்களிலும் இத்தகைய கரைப்பான்களே உள்ளன.

கைத்தூய்மைத் திரவம் இதற்கு மாற்றாகாது. 70 விழுக்காடு ஆல்ககாலில் மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். தோல் வறளாமல் இருக்கச் சேர்க்கும் கிளிசரினோ ஈரத்தைப் பிடித்துவைப்பது.

கரைப்பானின் விளைவு நீடிக்காது. உள்ளடுக்குகளிலிருந்தும் சுற்றுக் காற்றிலிருந்தும் ஈரம் நகத்துக்குத் திரும்பத் தொடங்கும். ஆகவே பத்து விரலையும் ஒரே மூச்சில் துடைத்துவிட்டுப் பொடிக் கிண்ணத்தைத் தேடுவது பயனற்றது. ஈரக் காற்றில் ஒரு கையின் ஐந்து விரலையும் துடைத்து, அந்தக் கையை முழுவதும் முடித்த பிறகு அடுத்த கையைத் துடைக்க வேண்டும். இடையில் முகத்தையோ கூந்தலையோ தொட்டால் அந்த விரலுக்கு மறுபடி துடைப்பு.

பிரைமர்

பிரைமர் இருபுறமும் பிடிக்கும் இரட்டைப் பசை. அதன் மூலக்கூறின் ஒரு முனை கெரட்டினோடு பிணைகிறது; மறுமுனையில் உள்ள இரட்டைப் பிணைப்பு, மேலே இறுகும் அக்ரிலிக் சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்ந்துகொள்கிறது. பழைய வகைப் பிரைமர் மெத்தாக்ரிலிக் அமிலம். நன்றாகப் பிடிக்கும், தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். குழந்தைகள் காயமுற்றதால், 5 விழுக்காட்டுக்கு மேல் இந்த அமிலம் கொண்ட வீட்டுத் திரவங்களுக்குக் குழந்தைகளால் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று அமெரிக்கா 1999-இல் விதித்தது. வீட்டுப் பயன்பாட்டுக்கு அமிலமற்ற பிரைமரே தகுந்தது.

தூரிகையைப் புட்டியின் வாயில் வழித்து, நகத்தின் நடுவில் ஒரு துளி வைத்தால் போதும். அது தானாகப் பரவும். தோலில் பட்டால் உடனே தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். அமில வகை வெண்சுண்ணம் போல் காய்ந்து தெரியும். அமிலமற்ற வகை சற்றே ஒட்டும் பசையாக நிற்கும். பயன்படுத்தும் வகையின் அடையாளம் தெரிந்த பிறகே அடுத்த படி.

தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே

இறுகாத மெத்தாக்ரிலேட் தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். இதே வேதிக் குடும்பம் பல் அடைப்பிலும், எலும்பு அறுவைக்கான சிமெண்டிலும், உடலில் ஒட்டும் சில சர்க்கரை அளவீட்டுக் கருவிகளின் பசையிலும் இருப்பதால், நகத்துக்காக வாங்கிய ஒவ்வாமை பின்னாளில் மருத்துவமனையில் குறுக்கே நிற்கக்கூடும். வீட்டில் பயன்படுத்தும் நகத் தொகுப்புகள் இத்தகைய ஒவ்வாமையைப் பரப்புகின்றன என்று பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018-இல் எச்சரித்தது. மெல்லிய கையுறைகளையும் இந்தத் திரவம் சில நிமிடங்களில் ஊடுருவுவதால் கையுறை மட்டும் காப்பாகாது. தோலில் படாமல் வேலை செய்வதே காப்பு.

அதனால் தயாரிப்பின் கடைசிச் செயல் ஓர் எல்லை குறிப்பது. அடித்தோல் மடிப்பிலிருந்தும் இருபக்கத் தோலிலிருந்தும் ஒரு மில்லிமீட்டர் அளவு வெறும் நகமாக விட்டுவிட வேண்டும். அந்த இடைவெளி தோலைத் திரவத்திலிருந்து காக்கும். பிளாஸ்டிக் தோலின் மேல் ஏறி, தோல் அசையும்போது தூக்காமலும் காக்கும். தூக்கிய ஓரத்தின் அடியில் ஈரம் சேர்ந்தால் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா குடியேறி நகத்தைப் பச்சையாக்கும். பூஞ்சை என்று பலர் கருதும் அந்தப் பச்சை, பாக்டீரியாவின் நிறமியே. அதன் மேல் புதிய அக்ரிலிக்கைப் பூசாமல், முழுவதும் அகற்றி நகத்தை உலரவிட்டு மருத்துவரிடம் காட்டுவது முறை.

பளபளப்பு போய் மங்கலாக, தூளற்று, அடியிலும் ஓரங்களிலும் சவ்வின் மிச்சம் இல்லாமல், பிரைமர் தனக்குரிய அடையாளத்தோடு அமர்ந்திருந்தால் நகம் ஆயத்தமாகிவிட்டது. முதல் அக்ரிலிக் உருண்டையை அடுத்த சில நிமிடங்களுக்குள் வைக்க வேண்டும்.